கிராப்லா கற்றுத்தந்த பாடம்

எரிமலைக்குள் எட்டிப் பார்க்க முடியுமா? பள்ளி நாட்களிலிருந்தே எனக்கு இந்தக் கேள்வி உண்டு. தேடியபோது ஐஸ்லாந்தின் கிராப்லா எரிமலையின் கதை கிடைத்தது.

மின்னலும் சூரியக் காற்றும் பூமியின் காந்தப்புலத்தை ஓயாமல் அசைக்கின்றன. அந்த அசைவு நிலத்துக்குள் மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. குளிர்ந்த பாறை மின்சாரத்தைத் தடுக்கும். உருகிய பாறைக்குழம்பும் சூடான உப்புநீரும் நன்றாகக் கடத்தும். இதை மேலிருந்தே அளந்து ஆழத்தைப் படமாக்கலாம் என்று 1950இல் சோவியத் நாட்டின் டிகோனொவும், 1953இல் பிரான்சின் கான்யாரும் காட்டினார்கள்.

கிராப்லாவிலும் அப்படி அளந்தார்கள். பிறகு 4.5 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கிணறு தோண்டத் திட்டமிட்டார்கள். 2009இல் 2.1 கிலோமீட்டரிலேயே துளைக்கருவி சிக்கிக்கொண்டது. மேலே வந்தவை கண்ணாடித் துண்டுகள்! சுமார் 900 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள பாறைக்குழம்பு உறைந்து உருவானவை. அவ்வளவு மேலே அது இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஏன் தவறியது? ஆழம் கூடக்கூடப் படம் மங்கும்; சிறிய குழம்புத் தேக்கம் அதில் தெரியாமல் போகலாம். மேலே உள்ள களிமண் அடுக்கும் மின்சாரத்தைக் கடத்திக் கண்ணை மறைக்கும்.

அந்தக் கிணறு பின்னர் 450 பாகைக்கு மேற்பட்ட நீராவியைத் தந்தது. ஆனால் எனக்கு மனதில் நிற்பது வேறு. எரிமலைகளின் அடிவாரத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள். படத்தில் காணோம் என்பதற்காக, ஆபத்து இல்லை என்று அவர்களிடம் சொல்லிவிட முடியாது.