பிரேக் இல்லாத ஜாவா!

உங்களிடம் ஒரு பைக்கைக் கொடுக்கிறார்கள். 500 சி.சி. ஒரே ஒரு கியர். ஊற்றுவது பெட்ரோல் அல்ல, மெத்தனால். எல்லாம் சரி, பிரேக் எங்கே என்று தேடுகிறீர்களா? கிடையாது! முன் சக்கரத்துக்கும் இல்லை, பின் சக்கரத்துக்கும் இல்லை. இதில் ஏறி, உதிரி மண் பரப்பிய முட்டை வடிவத் தடத்தில், இன்னும் மூன்று பேரோடு மோதி நாலு சுற்று வர வேண்டும். ஏறுவீர்களா?

இதற்கு 'ஸ்பீட்வே' என்று பெயர். கிரிக்கெட்டுக்கு நாம் எப்படியோ, அப்படி இந்தப் பந்தயத்துக்குப் போலந்துக்காரர்கள்!

கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மழை பெய்த மறுநாள் கரிசல் காட்டுப் பாதையில் டூவீலர் ஓட்டியவர்களைக் கேளுங்கள். ஈரக் கரிசல் டயரில் அப்பிக்கொள்ளும். சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது. பதறிப்போய் பிரேக்கை அழுத்தினால் வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். விவரம் தெரிந்தவர் என்ன செய்வார்? காலைத் தொங்கப் போட்டு, வழுக்குகிற வண்டியை வழுக்கவிட்டே ஓட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். மண்ணோடு சண்டை போடக் கூடாது, மண்ணைப் படிக்க வேண்டும்.

ஸ்பீட்வேயின் ரகசியமும் அதேதான். தடம் இடப் பக்கம் வளையும். ஓட்டுபவரோ ஹேண்டில்பாரை வலப் பக்கம் திருப்பியிருப்பார். பின் சக்கரம் மண்ணை வாரி இறைத்தபடி பக்கவாட்டில் சறுக்கும். இடது காலில் இரும்புத் தகடு மாட்டிய பூட்ஸ், அதைத் தரையில் தேய்த்துக்கொண்டே வளைவைக் கடப்பார். முதலாவதாக வந்தால் 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1. கடைசி ஆளுக்குப் பூஜ்யம்.

இந்த விளையாட்டின் சக்கரவர்த்தி, நியூசிலாந்துக்காரர். பெயர் ஐவன் மேஜர். ராணுவப் பதவி என்று நினைத்துவிடாதீர்கள், குடும்பப் பெயரே அதுதான். 1939-ல் கிறைஸ்ட்சர்ச் நகரில் பிறந்தவர். 17 வயதில், 1957-ல், உலக சாம்பியன் ஆகிற கனவோடு இங்கிலாந்து போய் இறங்கினார். சேர்ந்தது விம்பிள்டன் கிளப். (ஆமாம், டென்னிஸ் விம்பிள்டனேதான். அங்கே ஸ்பீட்வேயும் இருந்தது!) ஆனால், பந்தயத்தில் ஓட்ட எப்போதாவதுதான் வாய்ப்பு வந்தது. பையன் தேற மாட்டான் என்று ஆகிவிட்டது. பேசாமல் ஊருக்குத் திரும்பினார்.

பலருடைய கதை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். மேஜர் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளூர்ப் பந்தயங்களில் ஓட்டி ஓட்டித் தன்னைச் செதுக்கிக்கொண்டார். 1963-ல் மறுபடி இங்கிலாந்து. இந்த முறை மனைவி, குழந்தைகளும் கூட. இனி தோற்றால் நடுத்தெரு. நியூகாசில் அணியில் சேர்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறினார். 1966 உலக இறுதிப் போட்டியில் நாலாவது இடம். 1967-ல் மூன்றாவது. 1968-ல்... உலக சாம்பியன்!

அதோடு நின்றாரா? 1969, 1970 என்று தொடர்ந்து மூன்று முறை பட்டம். அதுவரை யாரும் செய்யாத சாதனை. மூன்றாவது முறையும் ஜெயித்தால் உன் பைக்குக்குத் தங்க முலாம் பூசுகிறோம் என்று இரண்டு அமெரிக்க ரசிகர்கள் சொல்லியிருந்தார்கள். சொன்னபடியே பூசினார்கள். என்ன பைக் தெரியுமா? ஜாவா! 1961 முதல் மைசூரில் தயாராகி நம் ஊர்த் தெருக்களில் 'டுபுடுபு'வென்று ஓடியதே, அதே செக் கம்பெனியின் பந்தய வண்டி.

அப்படி என்ன வித்தை வைத்திருந்தார்? பெரிய மாயம் எதுவும் இல்லை, தயாரிப்பு. பிரேக் இல்லாத வண்டியில் புறப்பட்ட பிறகு தப்பைத் திருத்திக்கொள்ள நேரம் ஏது? அதனால், திருத்த வேண்டியதை எல்லாம் புறப்படும் முன்பே திருத்திவிடுவார். தடத்தின் மண், இன்ஜின், எந்த இடத்தில் நின்று கிளம்புவது என்று ஒவ்வொன்றையும் அலசுவார். தடுப்பு நாடா மேலே போன மறு விநாடி ஆள் முன்னால் இருப்பார்.

கற்றதை ஒளித்து வைக்கவும் இல்லை. அவரது பயிற்சி முகாமுக்கு ஓலே ஓல்சன் என்று ஒரு டென்மார்க் இளைஞர் வந்தார். சொல்லிக்கொடுத்தார். 1971-ல் அந்தச் சிஷ்யனே குருவை இரண்டாவது இடத்துக்குத் தள்ளிவிட்டு உலக சாம்பியன் ஆனார்! அடுத்த வருடமே குரு பட்டத்தைத் திரும்பப் பிடுங்கினார் என்பது வேறு விஷயம்.

ஸ்பீட்வேக்கு 'லாங்டிராக்' என்று ஓர் அண்ணன் உண்டு. சுமார் ஆயிரம் மீட்டர் தடம், வேகமும் பல மடங்கு பயமுறுத்தும். பிரேக் அங்கேயும் கிடையாது! அதன் உலகப் பட்டமும் 1971, 1972, 1976 என்று மூன்று முறை மேஜருக்கே. 1972-ல் இரண்டு பட்டமும் ஒரே ஆள் வீட்டில்.

பெரிய அடியும் விழுந்தது. 1973 இறுதிப் போட்டி, போலந்தின் கோஷூவ் நகரம். லட்சம் பேருக்கு மேல் கூட்டம். மேஜரும் உள்ளூர் வீரர் யெர்ஷி ஷ்சாகியெலும் தலா 13 புள்ளி. சாம்பியனை முடிவு செய்ய இருவருக்கும் மட்டும் ஒரு கூடுதல் பந்தயம். முந்தப் பார்த்த மேஜர் மண்ணில் விழுந்தார். தனிநபர் பிரிவில் போலந்துக்கு அதுதான் முதல் உலகப் பட்டம். அரங்கமே அதிர்ந்தது.

1977-ல் ஐந்தாவது பட்டம் வென்றார். அடுத்த வருடம் பின்தங்கினார். வயதாகிவிட்டது, போதுமே என்றார்கள். 1979 செப்டம்பரில் மறுபடி அதே கோஷூவ் மைதானம். அதே மண். 40 வயதுக்கு ஒரு மாதம்தான் பாக்கி. எதிரே வளர்ந்து நின்றவர்கள் எல்லாம் இளவட்டங்கள். ஐந்து ஓட்டங்களில் 15-க்கு 14 புள்ளி எடுத்தார் மேஜர். ஆறாவது உலகப் பட்டம்!

அந்த ஆறை எட்டிப் பிடிக்கவே இன்னொருவருக்கு 26 வருடம் ஆனது. 2005-ல் ஸ்வீடனின் டோனி ரிக்கார்ட்சன் அதைச் சமன் செய்தார். 2018 ஏப்ரலில், 78 வயதில், ஆஸ்திரேலியாவில் காலமானார் மேஜர்.

தேற மாட்டான் என்று ஆகி ஊர் திரும்பிய பையன் மறுபடி கப்பலேறாமல் இருந்திருந்தால்? அந்தத் தங்க ஜாவா, சாதாரண இரும்பாகவே இருந்திருக்கும்.