ஓர் உயரமும் ஓடும் கால்களும்: ரிச்மண்ட் கால்பந்துக் கழகத்தின் வீரர் தேர்வும் ஆட்டத் திட்டமும் (2017–2020)

1. ஆய்வுச் சிக்கல்

2017 செப்டம்பர் 30 அன்று மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 1,00,021 பேர் பார்த்திருக்க, ரிச்மண்ட் அணி அடிலெய்டு அணியை 108–60 என்ற கணக்கில் வென்று ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கின் பிரீமியர்ஷிப்பைக் கைப்பற்றியது. 1980க்குப் பிறகு அக்கழகம் வென்ற முதல் பட்டம் அது. அதற்கு முந்தைய பருவத்தில் இதே அணி 22 ஆட்டங்களில் எட்டில் மட்டுமே வென்று 13ஆம் இடத்தில் நின்றது. கடைசி ஆட்டத்தில் சிட்னியிடம் 113 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றது.

இந்த இரு பருவங்களுக்கும் இடையில் பயிற்சியாளர் மாறவில்லை. 2010 முதல் பொறுப்பில் இருந்த டேமியன் ஹார்ட்விக்தான் இரண்டிலும் அணியை நடத்தினார். அணித்தலைவர் டிரென்ட் காட்சின், முன்களத்தில் ஜாக் ரீவோல்ட், பின்களத்தில் அலெக்ஸ் ரான்ஸ், நடுக்களத்தில் டஸ்டின் மார்ட்டின் ஆகிய நான்கு தூண்களும் முன்பே அணியில் இருந்தவர்கள். அப்படியானால் மாறியது எது?

வீரர் தேர்வுக்கும் ஆட்டத் திட்டத்துக்கும் இடையிலான உறவு மாறியது என்பதே இக்கட்டுரையின் வாதம். சிறந்த 22 பேரைத் தேர்ந்தபின் அவர்களுக்கு ஒரு திட்டம் வகுப்பது ஒரு வழக்கம். திட்டத்தை முதலில் வரைந்துவிட்டு அதற்கு ஆள் தேடுவது இன்னொரு வழக்கம். 2017இல் ரிச்மண்ட் இவ்விரண்டையும் விட்டு விலகியது. கையில் இருந்த ஆட்களிலிருந்து திட்டம் பிறந்தது. பிறந்த திட்டம், அடுத்து யாரை எடுப்பது என்பதற்கான அளவுகோலாயிற்று.

2. களமும் உயரமும்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் அணிக்கு 18 பேர் களத்தில் நிற்பர். இக்கட்டுரை பேசும் ஆண்டுகளில் நால்வர் மாற்றுக்குக் காத்திருந்தனர். நீள்வட்டக் களத்தில் ஆஃப்சைடு விதி கிடையாது. யாரும் எங்கும் ஓடலாம். நடுவிலுள்ள இரு உயரமான கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் ஆறு புள்ளிகள். அவற்றின் இருபுறமும் உள்ள குட்டைக் கம்பங்களுக்குள் சென்றால் ஒரு புள்ளி. குறைந்தது 15 மீட்டர் வரும் உதையைத் தரையில் விழுமுன் பிடித்தால் அது ‘மார்க்’. பிடித்தவர் இடையூறின்றி அடுத்த உதையை எடுக்கலாம்.

ஆட்டத்தில் உயரத்துக்குக் கிடைக்கும் மதிப்பு இந்த மார்க் விதியிலிருந்தே வருகிறது. கோலுக்கு அருகில் உயரமான ஒருவர் பந்தைப் பிடித்துவிட்டால், நிதானமாக நின்று கோல் அடிக்கலாம். ஆகவே முன்களத்தில் இரண்டு அல்லது மூன்று உயரமானவர்களை நிறுத்துவது தேர்வாளர்களிடம் நெடுங்காலமாக ஊறிய வழக்கம். எதிரணியும் அவர்களுக்கு ஈடாக உயரமான தடுப்பாளர்களை நிறுத்தும். வாரந்தோறும் வெளியாகும் அணிப் பட்டியலை ரசிகர்களும் விமர்சகர்களும் முதலில் இந்தக் கண்கொண்டே வாசிப்பார்கள்: உயரம் போதுமா, அவர்களுக்கு யார் ஈடு?

3. இல்லாமையிலிருந்து ஒரு திட்டம்

2016 முடிவில் உயரமான முன்கள வீரர் டைரோன் விக்கரி ஹாதார்ன் கழகத்துக்குச் சென்றார். மற்றோர் உயரமானவரான பென் கிரிஃபித்ஸ் தலையில் பட்ட அடியின் பின்விளைவுகளால் 2017 பருவத்தின் பெரும்பகுதியில் ஆட முடியவில்லை. அனுபவமுள்ள உயரமானவர்களில் எஞ்சியவர் ரீவோல்ட் ஒருவரே. 2010இலும் 2012இலும் லீக்கின் அதிக கோலுக்கான கோல்மன் பதக்கம் பெற்ற அவரைத் தனியே நிறுத்தி, அவரைச் சுற்றி டேனியல் ரியோலி, டான் பட்லர், ஜேசன் கஸ்டான்யா முதலிய உயரம் குறைந்த, வேகம் மிகுந்த இளைஞர்களை ஹார்ட்விக் நிறுத்தினார்.

இந்த அமைப்பில் ரீவோல்டின் வேலையே வேறாயிற்று. தன்னை நோக்கி வரும் நெடிய உதைகளையெல்லாம் அவர் பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதிரணித் தடுப்பாளர் பிடித்துவிடாமல் பந்தைத் தரையில் விழச் செய்தால் போதும். விழுந்த பந்தை நோக்கிச் சிறியவர்கள் பாய்வார்கள். அவர்களுக்குக் கிடைத்தால் கோல் வாய்ப்பு. எதிரணிக்குக் கிடைத்தால், அதை எடுத்தவர் நிமிர்வதற்குள் மடக்கிப் பிடிப்பார்கள் அல்லது அவசர உதைக்குத் தள்ளுவார்கள். அந்த அவசர உதை போய் விழும் இடத்தில் ரான்ஸ், டேவிட் ஆஸ்ட்பரி, டிலன் கிரைம்ஸ், நிக் விளாஸ்டுவின் ஆகியோர் முன்னேறி வந்து காத்திருப்பார்கள். இடைமறித்த பந்து மீண்டும் முன்களத்துக்குப் போகும்.

எனவே இந்தத் திட்டத்தில் முன்களத்தின் முதல் பொறுப்பு தடுப்பு. பின்கள வீரர்கள் துணிந்து முன்னேறி நிற்க முடிந்ததற்குக் காரணம், முன்களச் சிறியவர்கள் எதிரணியை நிமிர்ந்து பார்க்கவும் விடாததுதான். லீக்கின் சிறந்த வீரர்களைக் கொண்ட அவ்வாண்டின் ஆல்-ஆஸ்திரேலியன் அணிக்கு ரான்ஸ் தலைவரானதில், கோல் கம்பத்தருகே ஓடிக் களைத்த பட்லருக்கும் கஸ்டான்யாவுக்கும் பங்குண்டு. களத்தின் இரு முனைகளையும் தனித்தனியே மதிப்பிடும் பழக்கம் இந்த உறவைப் பார்க்கத் தவறுகிறது.

இன்னொரு விளைவும் உண்டு. மூன்று உயரமான தடுப்பாளர்களுடன் வரும் எதிரணியில் ஒருவர் ரீவோல்டைக் காப்பார். மற்ற இருவரும் தம்மைவிட வேகமான சிறியவர்களைத் துரத்த வேண்டும். எதிரணியின் தேர்வை ரிச்மண்ட் தன் தேர்வால் செல்லாக்காசாக்கியது.

4. அளவுகோலான திட்டம்

ஹார்ட்விக் 2008இல் பட்டம் வென்ற ஹாதார்ன் அணியின் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். ஹாதார்ன் கட்டுப்பாடான உதையாலும் பந்தைத் தன்வசம் வைத்திருப்பதாலும் பேர்பெற்ற அணி. 2013, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஹார்ட்விக்கின் ரிச்மண்ட் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்று, மூன்று முறையும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. 2017இல் ரிச்மண்ட் அதுவரை தானும் நாடிய அந்தக் கட்டுப்பாட்டைப் பெருமளவு கைவிட்டது. பந்து முன்னோக்கிப் போனால் போதும்; உதை துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தரையில் நடக்கும் குழப்பத்தை எதிரணியைவிட நன்றாகக் கையாளலாம் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருந்தது.

திட்டம் இவ்வாறு தெளிவானதும், தேர்வுக்குழு கேட்க வேண்டிய கேள்வியும் மாறியது. யார் அதிக முறை பந்தைத் தொடுகிறார் என்பது பின்னுக்குப் போய், இன்னின்ன வேலையை யார் தளராமல் செய்வார் என்பது முன்னுக்கு வந்தது. புதியவர்களுக்கான ரூக்கி பட்டியல் வழியே அணிக்கு வந்த கேன் லாம்பர்ட் நடுக்களத்துக்கும் முன்களத்துக்கும் இடையே ஓயாமல் ஓடி நிலையான இடம் பெற்றது இந்த அளவுகோலால்தான். பருவத்தின் பெரும்பகுதியை இரண்டாம் நிலையான விக்டோரியக் கால்பந்து லீக்கில் ஆடிய ஜேக்கப் டவுன்சென்ட் கடைசி இரு சுற்றுகளுக்கு அழைக்கப்பட்டு 11 கோல்கள் அடித்தார். இறுதிச் சுற்றுகள் முழுவதும் இடத்தைத் தக்கவைத்தார். இறுதிப் போட்டி ஜாக் கிரேஹமுக்கு ஐந்தாவது ஆட்டம் மட்டுமே. அதில் அவர் மூன்று கோல்கள் அடித்தார்.

அனுபவமில்லாதவரை அவ்வளவு பெரிய ஆட்டத்தில் இறக்குவதைத் துணிச்சல் என்று சொல்வது எளிது. ஆனால் அவர் செய்ய வேண்டிய வேலை முன்பே வரையறுக்கப்பட்டிருந்ததால், அந்தத் துணிச்சலின் அபாயம் வெளியிலிருந்து தெரிந்ததைவிடக் குறைவு.

5. மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று வலுவான மறுப்புகள் எழக்கூடும்.

முதலாவது: இது தேர்வு அன்று, நிர்ப்பந்தம், உயரமானவர்கள் இல்லாததால் சிறியவர்களை இறக்கினார்கள். தொடக்கத்துக்கு இது உண்மை. தொடர்ந்ததற்கு இது விளக்கமாகாது. ஆறாம் சுற்றில் அடிலெய்டிடம் 76 புள்ளிகளில் தோற்ற ரிச்மண்ட், அடுத்த மூன்று ஆட்டங்களை முறையே 5, 2, 3 புள்ளிகளில் இழந்தது. 16ஆம் சுற்றில் செயின்ட் கில்டாவிடம் 67 புள்ளிகளில் தோற்றது. வேறெந்தத் தேர்வுக்குழுவும் அப்போது பழைய வழக்கத்தை நாடியிருக்கும். பட்டியலில் உயரமான இளைஞர்கள் இல்லாமலும் இல்லை. ரிச்மண்ட் திட்டத்தை மாற்றவில்லை. நிர்ப்பந்தத்தில் தொடங்கியது, அந்தத் தோல்விகளுக்குப் பிறகும் கைவிடப்படாதபோது, கொள்கையாயிற்று.

இரண்டாவது: எல்லாம் மார்ட்டினின் திறமை. 2017இல் லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை அன்றைய சாதனையான 36 வாக்குகளுடன் வென்ற மார்ட்டின், இறுதிப் போட்டியின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தையும் பெற்றார். ரிச்மண்ட் மீண்டும் பட்டம் வென்ற 2019, 2020 இறுதிப் போட்டிகளிலும் அதையே பெற்றார். அவரின்றி இந்தப் பட்டங்கள் கிடைத்திருக்கும் என்று இக்கட்டுரை வாதிடவில்லை. ஆனால் மார்ட்டின் 2016இலும் அதே அணியில்தான் ஆடினார். அணி 13ஆம் இடத்தில் நின்றது. நடுக்களத்திலிருந்து அவர் முன்களத்துக்கு நகரும்போது, அவரைத் தனித்து எதிர்கொள்ள வேண்டிய தடுப்பாளருக்குத் துணை வர ஆளில்லாதபடி செய்தது சிறியவர்களின் ஓட்டம். பெருந்திறமைக்கு வெளி அமைத்துக் கொடுத்தது திட்டம்.

மூன்றாவது: இறுதிப் போட்டி ரிச்மண்டின் சொந்த மைதானமான மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் நடந்தது. 2017க்கும் 2019க்கும் இது பொருந்தும். ஆனால் பெருந்தொற்றின் காரணமாக 2020 இறுதிப் போட்டி பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் நடந்தபோதும் ரிச்மண்ட் ஜீலாங்கை 81–50 என்று வென்றது. மைதானம் உதவியிருக்கலாம், விளக்கத்தின் மையமாக அதை வைக்க இயலாது.

6. எல்லையும் திருத்தமும்

திட்டம் குறையற்றது என்று கருதினால் வாதம் பலவீனப்படும். 2018இல் 18 வெற்றிகளுடன் பட்டியலின் முதலிடத்தில் முடித்த ரிச்மண்ட், அரையிறுதிக்கு நிகரான ப்ரிலிமினரி ஃபைனலில் காலிங்வுட்டிடம் 39 புள்ளிகளில் வீழ்ந்தது. அவ்வணியின் 211 செ.மீ. உயரமுள்ள அமெரிக்கரான மேசன் காக்ஸ் அன்று பந்தை வானிலேயே பிடித்தார். தரைக்கு வராத பந்துக்கு ரிச்மண்டின் நெருக்கடி பயன்படவில்லை. மார்ட்டினும் முழு உடல்தகுதியுடன் இல்லை. மற்றோர் உண்மையும் அன்று புலப்பட்டது: ரீவோல்டைத் தவிர முன்களத்தில் வேறு உயரமான இலக்கு இல்லை.

கழகம் 2019க்குக் கோல்ட் கோஸ்ட் அணியிலிருந்து உயரமான டாம் லிஞ்சைக் கொண்டுவந்தது. பழைய வழக்கத்துக்குத் திரும்புவதாக இது தோன்றலாம். ஆனால் சிறியவர்களின் வேலை நீடித்தது. லிஞ்சும் பந்தைத் தரைக்குக் கொண்டுவருவதையும் துரத்துவதையும் ஏற்றுக்கொண்ட இரண்டாவது இலக்கானார். முதல் சுற்றிலேயே முழங்காலில் அடிபட்ட ரான்ஸ் பருவம் முழுவதையும் இழந்தார். அப்போதும் பின்களம் குலையவில்லை. வேலைகளின் பங்கீடாகப் பின்களம் அமைந்திருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தேர்வு வரலாற்றில் மிகத் துலக்கமான சான்று 2019 இறுதிப் போட்டியில் கிடைக்கிறது. முந்தைய ஆட்டத்தில் கிரேஹமின் தோள் காயப்பட்டதால் ஓர் இடம் காலியானது. அதற்கு 27 வயது மார்லியன் பிக்கெட் தேர்வானார். பருவத்தின் இடையில் நடந்த வீரர் ஒதுக்கீட்டில் சேர்ந்த அவர் லீக்கில் அதுவரை ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. 1952க்குப் பிறகு இறுதிப் போட்டியில் முதன்முறையாக அறிமுகமான வீரர் அவரே. ஆனால் ஒரு வாரம் முன்பு ரிச்மண்டின் இரண்டாம் அணி விக்டோரிய லீக் பட்டத்தை வென்றபோது ஆட்டத்தின் சிறந்த வீரர் அவர்தான். இரண்டாம் அணியும் முதல் அணியின் முறையிலேயே ஆடி வந்தது. பிக்கெட்டுக்குப் புதியதாக இருந்தது மேடை மட்டுமே, வேலை பழகியதே. அவர் 22 முறை பந்தைக் கையாண்டார், ஒரு கோல் அடித்தார். ரிச்மண்ட் 114–25 என்று கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி (ஜி.டபிள்யூ.எஸ்.) அணியை நொறுக்கியது.

7. முடிவுரை

வீரர் தேர்வைப் பற்றிய பொதுப் பேச்சு பெரும்பாலும் ஆளுக்கு ஆள் ஒப்பீடாகவே நடக்கிறது: இவர் சிறந்தவரா, அவர் சிறந்தவரா? எத்தனை முறை பந்தைத் தொட்டார் என்ற எண்ணிக்கை அதற்குச் சாட்சியாக வைக்கப்படுகிறது. அந்த அளவுகோலில் பட்லரும் கஸ்டான்யாவும் லாம்பர்டும் பெரும்பாலான வாரங்களில் சாதாரணமானவர்கள். அவர்கள் துரத்தியதால் எதிரணி தவறிய உதைகள் பிறர் கணக்கில் இடைமறிப்புகளாகப் பதிவாயின. இந்த உழைப்பைக் காணாத அளவுகோலைத் திறனாய்வாளர்கள் கைவிட வேண்டும் என்பதை இக்கட்டுரை அழுத்திச் சொல்ல விரும்புகிறது. அதைத் தொடர்வது அந்த வீரர்களுக்கு இழைக்கப்படும் அநீதியும்கூட.

ரிச்மண்டின் நான்கு ஆண்டுகளிலிருந்து பெறத்தக்க முறைமை மூன்று கேள்விகளில் அடங்கும். ஒரு வீரர் வெளியேறும்போது களத்தில் எந்த வேலை காலியாகிறது? அந்த வேலை நின்றால் களத்தின் மறுமுனையில் எது குலையும்? பதிலுக்கு வருபவர் அதே வேலையைக் கீழ்நிலை ஆட்டங்களில் பழகியிருக்கிறாரா? இந்த மூன்றுக்கும் விடை வைத்திருந்ததால்தான் ஐந்தாவது ஆட்டத்தில் ஒருவரையும் முதல் ஆட்டத்தில் இன்னொருவரையும் இறுதிப் போட்டியில் இறக்க அக்கழகத்தால் முடிந்தது. இக்கேள்விகளுக்கு விடையில்லாத அணி எவ்வளவு திறமையாளர்களைத் திரட்டினாலும், ஒருவர் காயப்படும் நாளில் தன் திட்டத்தையும் சேர்த்தே இழக்கும்.