இரும்பும் துத்தநாகமும்: ஒரே குடலில் இரு சத்துகள்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு அரசு சுகாதாரத் திட்டங்கள் வழியே இரண்டு தாதுக்கள் கிடைக்கின்றன. இரும்புச்சத்து சிரப் வாரம் இருமுறை 1 மி.லி.; அதில் 20 மி.கி. இரும்பு. துத்தநாகம், அதாவது ஜிங்க் மாத்திரை, வயிற்றுப்போக்கு வந்தால் தினம் 20 மி.கி., 14 நாள்.

இரும்பைக் குழந்தை கருவிலேயே சேமித்துக்கொண்டு பிறக்கிறது; அந்தக் கையிருப்பு ஏறக்குறைய ஆறு மாதம் தாங்கும். துத்தநாகத்துக்கு அப்படியொரு கையிருப்பு இல்லை. பேதியானால் மலத்தோடு வெளியேறியும் விடும். பேதி நின்ற பிறகும் மாத்திரையைத் தொடரச் சொல்வது இழந்ததை ஈடுகட்டத்தான்.

இரண்டும் மோதிக்கொள்ளுமா? தண்ணீரில் கரைத்து, வெறும் வயிற்றில், இரும்பை மிக அதிகமாகச் சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளில் துத்தநாகம் உறிஞ்சப்படுவது குறைந்தது. உணவோடு கொடுத்தபோது அந்தக் குறைவு தென்படவில்லை. ஆகவே, தாதுக்கள் சேர்த்த அங்கன்வாடி சத்துமாவைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. சிரப்பையும் மாத்திரையையும் மட்டும் இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுப்பது நல்லது. காய்ச்சலோ பேதியோ கடுமையாக இருக்கும் நாட்களில் இரும்பை நிறுத்திவைப்பதே நடைமுறை.

உண்மையான தடை குழந்தைக்குக் கொடுக்கும் கேழ்வரகுக் கஞ்சிக்குள்ளேதான் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் (கேவுரு) சுமார் 4.6 மி.கி. இரும்பு உண்டு. ஆனால் அதிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பு, துத்தநாகம் இரண்டையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. மல்லாட்டையிலும் (நிலக்கடலை) அதே ஃபைட்டேட்தான். கஞ்சியோடு கொடுக்கும் நெல்லிக்காய்ச் சாறோ எலுமிச்சையோ இரும்புக்கு நன்றாக உதவும்; துத்தநாகத்துக்கு அவ்வளவாக உதவாது. கேவுரை இரவு ஊறவைத்து, துணியில் முடிந்து, முளைவிட்டதும் காயவைத்து வறுத்து அரைத்தால் ஃபைட்டேட் கணிசமாகச் சிதையும். அது இரண்டு சத்துக்கும் பலன் தரும். எனவே எலுமிச்சையைவிட முளைகட்டுவதையே நான் முதலில் வைப்பேன். அசைவ வீடுகளில் நன்றாக வெந்து மசித்த ஈரல் கொஞ்சம் சேர்த்தால் இரண்டும் எளிதில் உடலில் சேரும்.

டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுப்பதுதான் மனதை வருத்துகிறது. டீயின் டானின் இரும்பைத்தான் அதிகம் தடுக்கிறது. இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது: தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழகத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது.

திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகும்போது, வீட்டில் கொடுக்கும் சிரப், மாத்திரை எல்லாவற்றையும் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். ஜிங்க் மாத்திரையை 14 நாளும் கொடுத்து முடியுங்கள்.