1799 விநாடிகள்

போன வாரம் முழுக்க ராத்திரி பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து நிக்கான் இசட்6 3 கேமராவின் விவரப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன். முதலில் தேடியது மெகாபிக்சலையோ 6கே வீடியோவையோ இல்லை. ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ரெக்கார்ட் ஆகும் என்ற வரியைத்தான் தேடினேன். 125 நிமிடம் என்று போட்டிருந்தது.

தேடியதற்குக் காரணம் இருக்கு. சில வருடங்களுக்கு முன் உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்தில், ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிய நீர்க்கட்டி ஒருவரைப் பேட்டி எடுத்தேன். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் பேசினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபைல் 29:59ல் நிற்கிறது. தண்ணீர் குறைந்த வருஷத்தில் கடைசி மதகுக்கு முறை எப்படி மாறும் என்று அவர் சொல்ல ஆரம்பித்த இடம் அது. சிவப்புப் புள்ளி அணைந்ததை நான் கவனிக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். மறுபடி போவதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

பேட்டரி தீரவில்லை, கார்டிலும் இடம் இருந்தது. விநாடியில் சொன்னால் 1799. கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு அப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் உடனே தெரியும், இதை யாரோ வேண்டுமென்றே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று. ஏன் எழுதினார்கள் என்று தோண்டப் போய், ஃபோட்டோ கேமராவுக்குள் வீடியோ நுழைந்த கதை முழுசும் படிக்க வேண்டியதாயிற்று.

கதை 2008ல் மூன்றே வாரங்களில் ஆரம்பிக்கிறது. ஆகஸ்ட் 27ல் நிக்கான் டி90 அறிவிக்கப்பட்டது. வீடியோ எடுக்கும் முதல் டிஎஸ்எல்ஆர் அதுதான். 720பி, விநாடிக்கு 24 ஃப்ரேம், ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், அவ்வளவுதான். செப்டம்பர் 12ல் பானாசோனிக் லூமிக்ஸ் ஜி1. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையின் முதல் கேமரா, இன்று நாம் மிரர்லெஸ் என்று சொல்கிற குடும்பத்துக்கு மூத்தது. செப்டம்பர் 17ல் கேனான் 5டி மார்க் 2, முழு ஃப்ரேம் சென்சாரில் 1080பி.

இதில் வேடிக்கை என்னன்னா, கண்ணாடி இல்லாத ஜி1ல் வீடியோவே கிடையாது. கண்ணாடி வைத்த மற்ற இரண்டிலும் இருந்தது. டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வரும் ஒளியைக் கண்ணாடி மேலே திருப்பி வ்யூஃபைண்டருக்கு அனுப்பும், ஒரு பங்கைக் கீழே ஃபோகஸ் சென்சாருக்குக் கொடுக்கும். வீடியோ எடுக்கணும்னா கண்ணாடி மேலேயே நிற்க வேண்டும். வ்யூஃபைண்டர் இருண்டுவிடும், வேகமான ஃபோகஸும் போய்விடும். அதாவது வீடியோ பட்டனை அழுத்திய கணமே டிஎஸ்எல்ஆர் ஒரு மட்டமான மிரர்லெஸ் கேமராவாக மாறிவிடுகிறது. கண்ணாடி போனதற்குச் சிறிய பாடி, குறைந்த எடை என்று பல காரணம் சொல்வார்கள். என் கணக்கில், வீடியோ உள்ளே வந்த அன்றே அதற்கு நாள் குறித்தாகிவிட்டது.

5டி மார்க் 2வில் வீடியோ வந்ததற்குச் செய்தி நிறுவனங்கள் கேட்டதுதான் காரணம். அவர்களுடைய இணையதளங்களுக்குப் படத்தோடு அசையும் காட்சியும் தேவைப்பட்டது. சினிமாக்காரர்கள் வாங்குவார்கள் என்று கேனான் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை, ஏன்னா முதலில் 30 ஃப்ரேம் மட்டும்தான், எக்ஸ்போஷரைக் கையால் வைக்கவும் வழியில்லை. அந்தக் கட்டுப்பாடு 2009ல் ஃபர்ம்வேர் வழியாக வந்தது, சினிமாவின் 24 ஃப்ரேம் 2010ல். இதற்கிடையில் வெளியாள் ஒருவர் மேஜிக் லேண்டர்ன் என்று தனியாக ஒரு மென்பொருளே எழுதி, கேமராவுக்குள் பூட்டிக் கிடந்ததைத் திறந்துவிட்டார். 2010ல் ஹவுஸ் என்ற அமெரிக்கத் தொடரின் ஆறாவது சீசன் கடைசி எபிசோடை இந்தக் கேமராவில் எடுத்தார்கள். நம்ம ஊரில் 2012ல் வந்த வழக்கு எண் 18/9 ஸ்டில் கேமராவில் எடுத்த படம்தான்.

ஆனால் உள்ளே நடந்தது சமாளிப்பு. 21 மெகாபிக்சல் சென்சாரிலிருந்து 1080பிக்குத் தேவை இரண்டு மெகாபிக்சல்தான். எல்லாவற்றையும் விநாடிக்கு 30 தடவை படிக்க அன்றைய சென்சாருக்கு வேகம் போதாது. அதனால் வரிகளை விட்டுவிட்டுப் படித்தார்கள். செங்கல் சுவரிலும் கோடு போட்ட சட்டையிலும் வானவில் மாதிரி அலை ஓடும், பார்த்திருப்பீர்கள். 2014ல் சோனி ஏ7எஸ் இதை எதிர்ப்பக்கமாகத் தீர்த்தது. மெகாபிக்சலையே 12க்குக் குறைத்துவிட்டார்கள், எல்லாப் பிக்சலையும் படிக்க முடிந்தது. வீடியோவுக்கு லாபம், பெரிய பிரிண்ட் போடும் ஸ்டில்காரர்களுக்கு நஷ்டம். 2020ல் கேனான் ஆர்5 இரண்டும் தருகிறேன் என்று 45 மெகாபிக்சலும் 8கேயும் கொடுத்தது. 8கேயில் இருபது நிமிடம் போனால் சூடாகிவிடும், ஆற விட வேண்டும். பிறகு ஃபேன் வைத்த ஆர்5 சி தனியாக வந்தது.

சரி, 1799க்கு வருவோம். அந்த எண்ணுக்கும் சென்சாருக்கும் சம்பந்தமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வகைப்பாட்டில் டிஜிட்டல் ஸ்டில் கேமராவுக்கு இறக்குமதி வரி கிடையாது. ஆனால் 800 x 600 அல்லது அதற்கு மேல், விநாடிக்கு 23 ஃப்ரேமோ அதிகமோ, ஒரே பதிவில் 30 நிமிடமாவது எடுக்க முடிந்தால் அது வீடியோ கேமரா, அதற்கு அப்போது வரி இருந்தது. கம்பெனிகள் ஒரு விநாடி முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். 2014ல் வந்த பானாசோனிக் ஜிஎச்4ஐப் பாருங்கள். ஐரோப்பாவில் விற்றதில் 29:59 வரம்பு, மற்ற நாடுகளில் விற்றதில் கிடையாது. அதே இரும்பு, அதே சில்லு.

பல கம்பெனிகள் அப்படிப் பிரித்துச் செய்ய மெனக்கெடவில்லை, ஒரே எண்ணை உலகம் முழுக்க அனுப்பிவிட்டார்கள். 2015ல் உலக வர்த்தக அமைப்பில் தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான ஒப்பந்தத்தை விரித்து, இந்த வரியையும் படிப்படியாக எடுக்க முடிவானது. அதற்கப்புறமும் எண் போகவில்லை. 2020ல் வந்த ஆர்5லும் 29:59 இருந்தது. இது எனக்கு ஆச்சரியமே இல்லை. காரணம் செத்த பிறகும் கோடில் உயிரோடு இருக்கும் எண்களை ஆபீஸில் தினமும் பார்க்கிறேன். தொட்டால் என்ன உடையுமோ என்று யாரும் தொட மாட்டார்கள்.

பிரஸ்ஸல்ஸில் எழுதிய வரி விதி ஒன்று உத்திரமேரூர் பக்கத்து மதகின் முறையை வெட்டிவிட்டது. இதை எழுதும்போதும் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்கிறது.

இப்போது இசட்6 3. 2024 ஜூனில் அறிவித்தார்கள். 24.5 மெகாபிக்சல், பகுதி அடுக்குச் சென்சார். சென்சாரின் மேலும் கீழும் வேகமான சர்க்யூட்டை வைத்து, முழு அடுக்குச் சென்சாரின் செலவு இல்லாமல் வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். 6கே 60 ஃப்ரேம் உள்ளேயே ரா வடிவில் பதிகிறது, ஓடுகிற பஸ் சாய்ந்து தெரிவது நன்றாகக் குறைந்திருக்கிறது. விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கு. ஐஎஸ்ஓ 100ல் நிழலை ஏற்றினால், முந்தைய இசட்6 2வை விட இரைச்சல் கூடுதலாக வருகிறது என்று சோதித்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஐஎஸ்ஓ ஏறினால் வித்தியாசம் மறைந்துவிடுகிறது.

கல்யாண வீடியோ எடுப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எனக்குப் பொருட்டு. இருட்டு மண்டபத்தில் ஸ்டாண்ட் போட்டு, ஐஎஸ்ஓ 100ல், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக் கல்வெட்டு எடுக்கிறேன். தேய்ந்த எழுத்து அந்த நிழலுக்குள்தான் ஒளிந்திருக்கும். வேகமான சென்சாரால் அங்கே பைசா பிரயோஜனம் இல்லை, கல்வெட்டு எங்கேயும் ஓடப் போவதில்லை.

ஆகவே பழைய பாடியைக் கல்வெட்டுக்கு வைத்துக்கொண்டு, புதியதைப் பேட்டிக்கு மட்டும் வாங்கலாமா என்று யோசித்தேன். பேட்டிக்கு 6கே எதற்கு? 1080பி போதும், நேரம்தான் வேண்டும். கடைசியில் கேமரா வாங்கவில்லை. காலர் மைக்கோடு ஒரு ஆடியோ ரெக்கார்டர் வாங்கினேன். பழைய கேமரா 29:59ல் நின்றாலும் குரல் நிற்காது. போனில் 28 நிமிடத்துக்கு அலாரமும் வைத்தாச்சு.

அடுத்த மாதம் அதே ஊருக்குப் போகிறேன். பெரியவரின் தம்பி இருக்கிறார், எழுபத்தெட்டு வயது. கடைசி மதகின் முறை அவருக்கும் தெரியும் என்று போனில் சொன்னார், "அண்ணன் அளவுக்கு இல்ல சார்" என்றார்.