கிழக்கே பிறந்த அலை மேற்கே வந்த வழி

2004 டிசம்பர் 26 பற்றிப் பேச்சு வந்தாலே எங்க பக்கத்தில் ஒரு கேள்வி தவறாம வந்துடும். "பூமி குலுங்குனது சுமத்ராவுல. அது நமக்குக் கிழக்க. நம்ம கடலு மேற்க பாத்துல்லா கெடக்கு? நடுவுல இலங்கை வேற நிக்குது. பின்ன அலை எப்படி இங்க வந்து?" மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல் பக்கத்து டீக்கடைகளில் இதைக் கேட்காதவங்க குறைவு. நியாயமான கேள்விதான். பள்ளிக்கூடப் புத்தகம் சுனாமின்னா என்னன்னு சொல்லும், இதுக்குப் பதில் சொல்லாது. இது சம்பந்தமா வாசிச்சதை வரிசையா எழுதி வைக்கலாம்னு இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் அன்று உயிர்ச்சேதம் அதிகம் நடந்தது நாகப்பட்டினம் மாவட்டத்தில், 6,000 பேருக்கும் மேல். அடுத்த இடம் கடலூருக்கும் இல்லை, சென்னைக்கும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு, ஏறத்தாழ 800 பேர். ஆனா நாகைக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் இறந்தவர்கள் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் நின்றுவிட்டது. கிழக்குக் கடலைப் பார்த்து இருக்கிற ஊர்கள் தப்பின, மேற்குக் கடலைப் பார்த்து இருக்கிற குளச்சலும் கொட்டில்பாடும் அழிந்தன. டீக்கடைக் கேள்விக்குள்ள இருக்கிற உண்மையான புதிர் இதுதான்.

அலை பிறந்த இடத்திலிருந்து தொடங்குவோம். இந்தியாவைச் சுமக்கிற நிலத்தட்டு, சுமத்ரா – அந்தமான் வரிசைக்கு அடியில் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நுழைஞ்சுகிட்டே இருக்கு. மேலே இருக்கிற தட்டின் விளிம்பு அதோட ஒட்டிக்கொண்டு, வில் மாதிரி வளைஞ்சு, நூற்றுக்கணக்கான வருஷம் இழுபட்டுக் கிடக்கும். அன்று காலை இந்திய நேரம் 6 மணி 29 நிமிடம். அந்த ஒட்டு விட்டது. ரிக்டர்னு நாம வழக்கமா சொல்ற அளவில் 9.1. பிளவு ஒரே இடத்தில் நிற்காமல் சுமத்ராவிலிருந்து வடக்கே அந்தமான் வரைக்கும் சுமார் 1,200 கிலோமீட்டர் ஓடியது. ஓடி முடிக்கப் பத்து நிமிடம் அளவுக்கு ஆனது.

இதில் கவனிக்க வேண்டியது, நடுக்கம் தானாக அலையை உண்டாக்குவதில்லை. கடல்தரை மேலேயோ கீழேயோ நகரணும். தரை சில மீட்டர் எழும்பினால், அதுக்கு மேல நிற்கிற பல கிலோமீட்டர் தண்ணீரும் சேர்ந்து எழும்பும். அந்த மேடு தன் எடையால் சரிந்து இரண்டு பக்கமும் ஓடுவதுதான் சுனாமி. 2012 ஏப்ரல் 11ஆம் தேதி அதே சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தது, நம்ம கரையிலும் ஜனங்கள் ஓடினாங்க, ஞாபகம் இருக்கும். ஆனா பெரிய அலை வரவில்லை. அன்று தரை பக்கவாட்டில்தான் உரசியது, தண்ணீரைத் தூக்கவில்லை.

2004இல் பிளவின் மேற்குப் பக்கம் தரை எழும்பியது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. இந்தியா, இலங்கை பக்கம் முதலில் வந்ததே ஏற்றம்தான். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைப் பக்கம் கடல் வற்றினதாகச் சொல்லும் காட்சியெல்லாம் அலைகளுக்கு நடுவே வந்த இறக்கம். "கடல் உள்வாங்கினா ஓடணும்" என்பது சரியான பாடம். ஆனா உள்வாங்கினால்தான் சுனாமி என்று நம்பிக்கொண்டு நிற்பது ஆபத்து.

இனி பயணம். நம்ம கடற்கரையில் தினம் பார்க்கிற அலையைக் காற்று உண்டாக்குகிறது. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி ஐந்து முதல் இருபது நொடி. எங்கோ தெற்குக் கடலில் அடித்த புயலின் வீச்சு, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறுவதைக் கள்ளக்கடல் என்பார்கள். அதுவும் காற்றலை ஜாதிதான், கடலின் மேல்பகுதியோடு சரி. சுனாமி வேற ஜாதி. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரைக்கும் ஆகும். நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். கடலின் ஆழமே நாலு கிலோமீட்டர்தான். அப்படிப் பார்த்தால், ஆழ்கடலே இந்த அலைக்கு ஒரு தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரி. மேலிருந்து தரை வரைக்கும் மொத்தத் தண்ணீரும் அசையும், அதனால் அலை எப்போதும் தரையைத் தடவிக்கொண்டேதான் போகும்.

அதனால்தான் அதன் வேகத்தை ஆழம் மட்டும் தீர்மானிக்கிறது. சூத்திரம் எளிது: ஆழத்தை (மீட்டரில்) 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 710 கிலோமீட்டருக்கு மேல், விமான வேகம். 200 மீட்டர் ஆழத்தில் 160. 50 மீட்டரில் 80. கரைக்குப் பக்கத்தில் 10 மீட்டர் ஆழத்தில் 36, அதாவது டவுன் பஸ் வேகம். முன்பகுதி வேகம் குறையும்போது பின்னால் வருகிற தண்ணீர் அதன்மேல் ஏறி, அலை உயரமாகும். அன்று நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் தற்செயலாக அந்தக் கடலுக்கு மேலே போனது. அது அளந்த அலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். ஆழ்கடலில் வள்ளத்தில் இருந்தவனுக்கு அது தெரிந்தே இருக்காது. அதே அலை 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது, ஆழம் குறைந்ததை மட்டும் வைத்துப் பார்த்தாலே நாலரை மடங்கு ஆகிவிடும். கரையின் வளைவும் ஆற்று முகமும் சேர்ந்தால் இன்னும் மேலே.

டீக்கடைக் கேள்விக்கான பதிலும் இதே சூத்திரத்தில்தான் இருக்கு. மாட்டு வண்டி ரோட்டோரமாகப் போகும்போது ஒரு சக்கரம் மட்டும் மணலில் இறங்கினால் என்ன ஆகும்? அந்தச் சக்கரம் மெதுவாகும், வண்டி அந்தப் பக்கமே திரும்பிவிடும். அலைக்கும் அப்படித்தான். இலங்கையின் தென்முனையைத் தாண்டும்போது அலையின் ஒரு முனை கரையோரத்து ஆழம் குறைந்த கடலில் மெதுவாகிறது, மறுமுனை ஆழ்கடலில் பறக்கிறது. மொத்த அலையும் தீவைச் சுற்றி வளைகிறது. இலங்கையின் தென்மேற்குக் கரையில் இருக்கிற பெரலியவில் கொழும்பிலிருந்து தெற்கே போன ரயில் அலையில் புரண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தது இப்படித்தான். அந்த ஊரும் சுமத்ராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருக்கு.

இன்னொரு விஷயம் தீவின் அளவு. இலங்கையின் அகலம் சுமார் 225 கிலோமீட்டர்தான். அலையின் நீளம் அதைவிட அதிகம். தன்னைவிடச் சின்னதாக இருக்கிற தடையை அலை சுற்றிக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பின்னால் முழு நிழல் விழாது. தீவுக்கு ஒட்டினாற்போல் இருந்த மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் மறைவு கிடைத்தது, அதனால ராமநாதபுரமும் தூத்துக்குடியும் தப்பின. கன்னியாகுமரி அந்த மறைவுக்கு வெளியே நிற்கிறது. குமரிமுனைக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்று நம்ம மீனவர்களுக்கு நல்லாத் தெரிந்த ஆழம் குறைந்த மேடு இருக்கு. இலங்கையில் நடந்ததே அங்கே மறுபடியும் நடந்தது. அலை மெதுவாகி, முனையைச் சுற்றித் திரும்பி, மேற்குக் கரையோரமாக வடக்கே ஏறியது. மாலத்தீவு – லட்சத்தீவு மேட்டில் மோதித் திரும்பின அலைகளும் பின்னால் வந்து சேர்ந்தன. கேரளத்தில் கொல்லம் பக்கம் ஆலப்பாடு வரைக்கும் நூற்றுக்கும் மேற்பட்டோரை அது கொண்டுபோனது.

ஒரே மாவட்டத்துக்குள்ளும் அடி ஒரே மாதிரி விழவில்லை. முட்டம் பாறை மேல இருக்கிற ஊர். குளச்சலும் கொட்டில்பாடும் தாழ்ந்த மணற்கரை. பழையாறு கடலில் சேருகிற மணக்குடியில் பாலமே பெயர்ந்து போனது. வள்ளியாறு சேருகிற இடத்தில் மணவாளக்குறிச்சி, அதன் கடற்புறத்தில் சின்னவிளை, பெரியவிளை, புதூர். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடலுக்குப் போகாமல் குடும்பத்தோடு ஊரில் இருந்த நாள்.

இந்த இடத்தில் ஒரு பழைய கால்வாயைப் பற்றிச் சொல்லணும். 1860இல் திருவிதாங்கூர் அரசு, திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்கிற எண்ணத்தில் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயைத் தொடங்கியது. பத்மநாபர், இங்கிலாந்து ராணி, மகாராஜா என்று மூன்று பேர் பெயரும் அதில் இருக்கு. நாம ஏவிஎம் கால்வாய்ங்கிறோம். திட்டம் முழுசா முடியவே இல்லை. பூவாறு தொடங்கி மண்டைக்காடு பக்கம் வரைக்கும் கடற்கரைக்கு இணையாக வெட்டின பகுதிதான் மிச்சம். 2004இல் கொட்டில்பாட்டு ஜனங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி ஓடினபோது, முன்னால் குறுக்கே கிடந்தது அந்தக் கால்வாய். தாண்ட முடியாமல் அதிலேயே பலர் போய்ச் சேர்ந்தார்கள். வணிகத்துக்காக ஒரு அரசு வரைந்த கோடு, 144 வருஷம் கழித்து அடுத்த ஊருக்கும் உயிருக்கும் நடுவே வந்து நின்றது.

"நம்ம கடல்ல இப்படி நடந்ததே இல்லை" என்பது அன்று எல்லாரும் சொன்னது. கடல் ஒன்றும் புதுசாகச் செய்யவில்லை. 1881 டிசம்பர் 31இல் கார் நிக்கோபார் பக்கம் நடந்த நிலநடுக்கத்தின் அலை, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் அப்போது புதுசாக வைத்திருந்த அலைமானிகளில் பதிவானது. 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தபோதும் பதிவானது. இரண்டுமே சின்ன அலைகள். அலுவலகக் காகிதத்தில் கோடாக விழுந்தன, ஊர் நினைவில் விழவில்லை. இதற்கு நேர் எதிர் சுமத்ராவை ஒட்டிய சிமெலுவே தீவு. அங்கே 1907இல் வந்த அலையை 'ஸ்மோங்' என்ற ஒரு சொல்லில் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்து வைத்திருந்தார்கள். 2004இல் நிலம் குலுங்கின உடனே அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டு மலைக்கு ஓடினார்கள். சுமார் 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். பிளவுக்கு மிகப் பக்கத்தில் இருந்த இடம் அது.

நமக்கு அவர்களைவிடப் பல மடங்கு நேரம் இருந்தது. சென்னையில் அலை ஏறினது 9 மணி கழிந்து சில நிமிடத்தில். தூத்துக்குடியில் 10 மணியை ஒட்டி. கொச்சியில் 11 மணிக்கு மேல். கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் மூழ்கின சேதி, சென்னையில் அலை வருவதற்கு முன்பே பெருநிலத்துக்கு வந்துவிட்டது. சென்னையும் நாகையும் அடிபட்ட பிறகும் குளச்சலுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே நடக்க கால் மணி நேரம் போதும். போனும் இருந்தது, டிவியும் இருந்தது, கோயில் மணியும் இருந்தது. கிழக்கே அடித்த கடல் மேற்கேயும் வரும் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. டீக்கடைக் கேள்வி இருக்கே, அதற்கான பதில் அன்று தெரிந்திருந்தால் அந்த அரை மணி நேரத்துக்கு அர்த்தம் இருந்திருக்கும்.

2007 அக்டோபரிலிருந்து ஐதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் வேலை செய்கிறது. கடல்தரையில் வைத்த அழுத்தமானிகள் மேலே ஒரு சாண் தண்ணீர் ஏறினாலும் சொல்லும். அங்கிருந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சேதி வந்துவிடும். அதற்கு அப்புறம் உள்ள தூரம் நம்ம பொறுப்பு. சுமத்ராவின் குலுக்கல் மேற்குக் கரையில் காலுக்குத் தெரியாது, அதனால் நமக்கு அடுத்தவன் சொல்லும் சேதிதான் முதல் அறிகுறி. சேதி வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, அந்தப் பாதையில் கால்வாய் இருந்தால் பாலம் எங்கே, முதல் அலை போன பிறகு எத்தனை மணி நேரம் திரும்பக் கூடாது. இதெல்லாம் வீட்டில் பிள்ளைகளுக்குத் தெரியுமான்னு இன்றைக்கே ஒரு தடவை கேட்டுப் பாருங்க. 2004க்கு அப்புறம் பிறந்தவங்க இப்போ கடலுக்குப் போற வயசுக்கு வந்துட்டாங்க.