தட்டையென்று கொண்ட வளையம்

இதயத்தின் இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வை, 16ஆம் நூற்றாண்டில் வெசாலியஸ் கிறித்தவ ஆயர்கள் அணியும் கூர்முடிக்கு ஒப்பிட்டார். ‘மிட்ரல்’ என்னும் பெயர் அந்த ஒப்புமையிலிருந்து வந்தது. தமிழில் ‘ஈரிதழ் வால்வு’ என்கிறோம். ஒரு கலைச்சொல் எதைச் சுட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்ப்பது மொழியியல் படித்த எனக்குப் பழகிப்போன ஒன்று. இவ்விரு பெயர்களிலும் இதழ்களின் தோற்றம் இருக்கிறது. அவை பொருந்தி நிற்கும் வளையம் இல்லை. அந்த வளையம் தட்டையானது என்று மருத்துவ உலகம் நெடுநாள் எண்ணியிருந்தது. அதனால் நலமாயிருந்த பலர் நோயாளிகள் ஆயினர்.

1963இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஜான் பார்லோ, சிலரது இதயத்தில் கேட்கும் ஒருவகை முணுமுணுப்பொலிக்கு இவ்வால்வின் கசிவே காரணம் என்று காட்டினார். இதழ்கள் மேலறைப் பக்கம் பிதுங்குவதே அதன் அடிப்படை என்பது விரைவிலேயே தெளிவாயிற்று. 1970களில் எக்கோ கருவி பரவியபின் நோயறிதல் எளிதாயிற்று: படத்தில் வளையத்தின் இரு முனைகளை ஒரு கோட்டால் இணைக்க வேண்டும், இதழ் அக்கோட்டைத் தாண்டினால் பிதுக்கம். இந்த விதிப்படி, சில ஆய்வுகளில் நலமான இளையோரில் பத்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் பிதுக்கம் உடையவர்களாகத் தேறினர். போதாக்குறைக்கு, 1980இல் வெளியான ஓர் ஆய்வு இளவயதுப் பக்கவாதத்தையும் இதனோடு முடிச்சிட்டது.

பாஸ்டனில் ராபர்ட் லெவைனும் அவர் குழுவினரும் ஒரு முரணைக் கவனித்தனர். ஒரே மனிதரின் ஒரே வால்வு, நான்கறைக் காட்சியில் பிதுங்கியும் நெடுக்குக் காட்சியில் பிதுங்காமலும் தெரிந்தது. 1987இலும் 1989இலும் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் இதற்கு விடை தந்தன. வளையம் குதிரைச் சேணம் போன்றது (எண்ணெயில் முறுகி வளைந்த அப்பளத்தையும் நினைத்துக்கொள்ளலாம்). முன்னும் பின்னும் உள்ள விளிம்புகள் உயர்ந்தவை, பக்கவிளிம்புகள் தாழ்ந்தவை. நெடுக்குக் காட்சி உயர்ந்த முனைகளை வெட்டிச் செல்கிறது. நான்கறைக் காட்சி தாழ்ந்த முனைகளை. தாழ்ந்த முனைகளை இணைத்துக் கோடு வரைந்தால், இயல்பான இதழும் அதற்கு மேலே நிற்கத்தானே செய்யும்!

உண்மையான பிதுக்கமும் உண்டு. அதனால் கடுமையாகக் கசியும் வால்வுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும். ஆனால் 1999இல், திருத்திய விதியைக்கொண்டு பிரேமிங்ஹாம் ஆய்வில் 3,491 பேரைச் சோதித்தபோது பிதுக்கம் இருந்தது 2.4 விழுக்காட்டினருக்கே. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, இளையோர் பக்கவாதத்துக்கும் பிதுக்கத்துக்கும் தொடர்பு இருப்பதற்குச் சான்றில்லை என்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த அச்சத்தோடு வாழ்ந்தவர்களை எந்த அட்டவணையிலும் காண முடியாது.

சேணவடிவம் எதற்கு என்ற கேள்வியைக் கணினி மாதிரிகள் எடுத்துக்கொண்டன. கீழறை சுருங்கும்போது ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் மூடிய இதழ்கள்மீது விழுகிறது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு இலட்சம் முறை. ஒரே அழுத்தத்தில், வளைவு மிகுந்த மெல்லிய தோல் தட்டைத் தோலைவிடக் குறைந்த இழுவிசையோடு தாக்குப்பிடிக்கும். 2002இல் சால்கோவும் உடனாய்வாளர்களும், வளையத்தின் சேண உயரம் கூடும்போது இதழ்களின் வளைவு கூடி, அவற்றின்மீதான உச்சத் தகைவு குறைவதைக் கணக்கிட்டுக் காட்டினர். செம்மறியாடு, பபூன் குரங்கு, மனிதன் ஆகிய மூன்றிலும் வளையம் சேணவடிவிலேயே இருப்பதையும் அவர்கள் சுட்டினர். தட்டை வட்டத்திலிருந்து தொடங்கும் மாதிரி, இதழின் சுமையை மிகையாகவே சொல்லும். வால்வைச் செப்பனிடத் தைக்கும் செயற்கை வளையங்களிலும், தட்டையானவற்றோடு சேணவடிவம் கொண்டவையும் பின்னர் வந்துசேர்ந்தன.