கல்வெட்டும் வன்தட்டும்

திருக்கோணமலைப் பிரட்றிக் கோட்டை வாயிலில் இணைக்கயல் பொறித்த கல்லொன்று உளது. கோணேசர் தரிசனத்துக்குச் செல்வோர் பலர் அதனைக் கண்டும் காணாது கடப்பர். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயர் சுவாமிமலைக் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பியபோது இக்கல்லும் வாயிலேறிற்று. அதிலுள்ள தமிழ்ச் செய்யுள் சிதைந்தது. எனினும் அறிஞர் அதனைப் படித்துப் பொருள் கண்டனர். அச்செய்யுள் ஏட்டிலும் மக்கள் நாவிலும் வழங்கிவந்தமையும், யாப்பு இன்ன இடத்தில் இன்ன ஓசையே வரவேண்டுமென வரையறுத்து நின்றமையும் அவர்க்குத் துணையாயின. செய்தி ஒன்று, காவல் இரண்டு.

அக்கோயிலின் சிதைவுகளை ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் கடலடியிற் கண்டது 1956ஆம் ஆண்டில். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்தட்டினை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் கொண்ட அப்பெரும் யந்திரம் தாங்கியவை ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களே. இன்றைய மாணவர் நகைப்பர். ஆயினும் வேண்டிய பக்கத்தை நேரே சென்று எடுக்கும் வித்தை அதில் இருந்தது.

காந்தப் பூச்சின்மேற் பதிந்த குறிகளும் கல்லெழுத்தைப் போலச் சிதைவன. 7, 4, 9 என்னும் எண்களோடு அவற்றின் கூட்டுத்தொகை 20 என்பதையும் எழுதிவைப்பின், நடு எண் அழிந்தாலும் அது 4 என மீட்கலாம். ஆனால் அழியாது பிழைபட்டதாயின், பிழை எதிலென்று கூட்டுத்தொகை சொல்லாது. அவ்விடத்தையும் காட்டும் முறையை ஹாமிங் 1950இல் வகுத்தார். தொடர்ந்து பல குறிகள் கெடினும் திருத்தவல்ல முறையை ரீட், சொலமன் என்னும் இருவர் 1960இல் அளித்தனர். வன்தட்டுகள் நெடுங்காலம் இப்பின்னதையே கைக்கொண்டன. தட்டு முழுவதுமே பழுதாயின் இவை உதவா. வேறு தட்டிற் பிரதி வேண்டும்.

இனி, ஏவல்களின் வரிசையை நோக்குவாம். வெருகல், கிண்ணியா, கிளிவெட்டி, மூதூர் என்னும் ஒழுங்கிற் கடிதங்கள் வந்தடைந்தால், அவ்வொழுங்கிலேயே ஓடித்திரியும் தபாற்காரன் ஒருவனும் இரான். கிண்ணியா, மூதூர், கிளிவெட்டி, வெருகல் என வழிப்படியே கொடுத்துச் செல்வான். வன்தட்டின் தலையும் அவ்வாறே. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் செல்லும். ஓரிடம் தவறினால் மீண்டும் அது வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆதலின் ஏவல்கள் பலவற்றை ஒருங்கே பெற்று, தூரமும் சுழற்சியும் நோக்கித் தட்டே அவற்றை மாற்றி அடுக்கும். 'சாட்டா' வகைத் தட்டுகளில் 32 ஏவல்கள் வரை இவ்வாறு நிற்கலாம்.

விரைவு கூடிற்று, அபாயமும் கூடவே வந்தது. வங்கிக் கணக்கில் முதலிற் குறிப்பேடும் பின்னர்ப் பேரேடும் எழுதப்பட வேண்டும். வரிசை மாறிப் பேரேடு முந்தி, இடையில் மின்சாரம் நின்றால், எது மெய்யென்று காட்டக் குறிப்பேடு இராது. போதாக்குறைக்குத் தட்டானது செய்தியைத் தன் தற்காலிக நினைவகத்தில் வாங்கியவுடனேயே 'முடிந்தது' என்று விடையிறுப்பதும் உண்டு. இது பொய்யன்று எனினும் முழு மெய்யுமன்று. இதற்கென்றே, நினைவகத்தில் உள்ளவற்றையெல்லாம் தட்டிற் பதித்த பின்னரே விடை கூறுக என்னும் தனி ஏவல் வகுக்கப்பட்டது. அதனை அடிக்கடி இட்டால் வேகம் குன்றும். இடாதுவிட்டால் கணக்குக்கு உறுதியில்லை.

மின்சாரம் திடீரென நின்றால், சுழலும் தட்டின் எஞ்சிய வேகத்திலிருந்தே சிறிது மின்வலு பெற்றுத் தலை தன் ஒதுக்கிடம் சேர்ந்துவிடும். தலை தப்பும், நினைவகத்திற் காத்திருந்த செய்தி பெரும்பாலும் தப்பாது. பெரிய நிலையங்களிற் கட்டுப்பாட்டுக் கருவியின் நினைவகத்துக்கெனத் தனி மின்கலம் பொருத்துவது இதன்பொருட்டேயாம்.